பத்து மாதம் ஆகியும் தவழவில்லை, தங்கை குழந்தை எழுந்து நிற்கிறாள்: கவலைப்பட வேண்டுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். உங்கள் பையனுக்குப் பத்து மாதம் முடிந்திருக்கிறது. உங்கள் தங்கை மகள் அவனைவிடப் பன்னிரண்டு நாள் இளையவள். அவள் வீடு முழுக்கத் தவழ்கிறாள், நாற்காலியைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், டாட்டா காட்டுகிறாள். உங்கள் பையனோ உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். "என் வளர்ப்பில் ஏதாவது தப்பா, இல்லை அவனுக்கு ஏதாவது குறையா? தங்கை வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

குழந்தைகள் வளர்ச்சிப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். முதலில் நேரடியான பதில்: பத்து மாதத்தில் தவழவில்லை என்பது மட்டும்தான் விஷயம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இத்தோடு முடித்துக்கொண்டு, "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி" என்று சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். ஆனால் எத்தனையோ அம்மாக்களைத் தூங்க வைத்த அந்த வாக்கியம், சில குழந்தைகளுக்குப் பெரிய கெடுதலும் செய்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எந்தெந்த வயதில் என்னென்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்தது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்தது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்துக்குள். எதையாவது பிடித்துக்கொண்டு நின்றது 4.8 முதல் 11.4 வரை. தனியாக நடந்தது 8.2 முதல் 17.6 வரை. நூறு பேரில் முந்திக்கொள்ளும் ஒருவரையும் கடைசியாக வரும் ஒருவரையும் விட்டுவிட்டால், மீதி எல்லாரும் இந்த எல்லைக்குள் வந்துவிடுவார்கள்.

நடப்பதற்கான அந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் பாருங்கள். எட்டு மாதத்தில் நடக்கிற குழந்தையும் நார்மல். பதினேழு மாதத்தில் நடக்கிற குழந்தையும் நார்மல். நடுவில் ஒன்பது மாதத்துக்கு மேல் வித்தியாசம். நீங்கள் பன்னிரண்டு நாளைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்! உங்கள் பையன் இருப்பது தவழும் எல்லையின் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால். தங்கை மகள் கொஞ்சம் முன்னால். அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த ஆய்விலேயே 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. வேறு ஏதோ ஒரு வழியில் நகர்ந்து, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022-இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதையே அதிலிருந்து எடுத்துவிட்டது. என் துறையில் பலருக்கு அதில் கோபம் உண்டு. தவழ்வது தோளுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி என்பது அவர்கள் வாதம். நானும் பாதி அந்தக் கட்சிதான். தவழ்ந்தால் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தவழாததை நோயாகப் பார்ப்பதில்தான் உடன்பாடில்லை.

நம் கையில் சுற்றுகிற மாதவாரிப் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய பட்டியல்கள் பெரும்பாலும் சராசரியை வைத்துப் போட்டவை. சராசரி என்றாலே பாதிக் குழந்தைகள் அதற்குப் பின்னால்தான் இருப்பார்கள், அத்தனை பேரும் ஆரோக்கியமாக இருந்தாலும்கூட. 2022 திருத்தத்தின் முக்கியமான மாற்றமே இதுதான்: நான்கில் மூன்று குழந்தைகளாவது செய்துவிடக்கூடிய வயதைப் பார்த்துப் பட்டியலில் போட்டார்கள். எந்தப் பட்டியலைக் கையில் எடுத்தாலும், அதில் இருப்பது சராசரி வயதா, கடைசி எல்லையா என்று தெரியாமல் குழந்தையை அளக்காதீர்கள்.

சரி, ஒரே வயசுக் குழந்தைகளுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

முதலில் வயதையே சரிபாருங்கள். பையன் எத்தனை வாரத்தில் பிறந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. 37 வாரம் முடியும் முன் பிறந்திருந்தால் அவன் குறைமாதக் குழந்தை; அவனுக்கு வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். நாற்பது வாரத்துக்கு எத்தனை வாரம் குறைகிறதோ அதைப் பிறந்த தேதிக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். 34 வாரத்தில் பிறந்தவனுக்கு ஆறு வாரம் கழியும். இன்றைய பத்து மாதம் எட்டரை மாதம் ஆகிவிடும். இரண்டு வயது வரை இப்படித்தான் பார்ப்பது வழக்கம். கிளினிக்குக்கு வரும் கவலைகளில் சில இந்த ஒரு கழித்தலிலேயே தீர்ந்துபோகும்.

அப்புறம், குழந்தை நாள் முழுக்க எங்கே இருக்கிறான் என்பது. இடுப்பிலும் மடியிலும் தொட்டிலிலும் மாறி மாறி இருக்கிற குழந்தைக்கு நகர வேண்டிய தேவையே வராது. திடீர்ச் சாவைத் தவிர்க்கக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்கச் செய்யுங்கள் என்று 1990-களில் மருத்துவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அதன்பின் பார்த்தால், அப்படித் தூங்கும் குழந்தைகள் புரள்வதும் தவழ்வதும் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது. ஆனால் நடக்க ஆரம்பிக்கும் வயதில் வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டுக் குப்புறப் போட்டுத் தூங்க வைத்துவிடாதீர்கள். தூக்கம் மல்லாந்தே இருக்கட்டும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் குப்புற விடுங்கள்.

பழக்கம் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கென்யாவில் இருக்கிறது. அங்கே கிப்சிகிஸ் இனத்தவர் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் வேலைமெனக்கெட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் அந்த இரண்டிலும் முந்திக்கொண்டன. சொல்லிக்கொடுக்காத தவழ்வதில் முந்தவில்லை. நேர் எதிராக, பராகுவே நாட்டுக் காட்டில் வாழ்ந்த ஆச்சே மக்கள் ஆபத்துக்குப் பயந்து குழந்தையைக் கீழேயே விடாமல் சுமந்து திரிந்தார்கள். அந்தப் பிள்ளைகள் நடந்ததே இரண்டு வயதை நெருங்கும்போதுதான். அதனால் அவர்கள் மந்தமாகிவிடவில்லை; வளர்ந்தபின் அதே காட்டில் மரம் ஏறினார்கள்.

உடல்வாகும் குணமும் சேர்ந்துகொள்ளும். நடை பழகும் குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்: ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 காலடி, 17 விழுகை. மணிக்குப் பதினேழு முறை விழுந்து எழ எல்லாக் குழந்தையும் தயாராக இருக்காது. சிலது விழுந்தாலும் பரவாயில்லை என்று கிளம்பும். சிலது வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் சத்தமில்லாமல் எழுந்து நான்கு அடி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது ரகத்தைப் பெற்றவர்களுக்குத்தான் எங்கள் கிளினிக்கின் விலாசம் சீக்கிரம் தெரிகிறது.

முந்தி நடந்தால் கெட்டிக்காரனா என்று நேரடியாகக் கேட்காவிட்டாலும் எல்லார் மனதிலும் இருக்கிற கேள்வி அதுதான். சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 222 ஆரோக்கியமான குழந்தைகளைப் பதினெட்டு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். எந்த மாதத்தில் நடந்தான் என்பதை வைத்துப் பிற்கால அறிவுத்திறனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரியவர்களின் ஞாபகத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "உன் புருஷன் எட்டு மாசத்துலயே ஓடினான்" என்று மாமியார் சொன்னால், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது வருடத்தில் பதினொன்று எட்டாகத் தேய்ந்திருக்கும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களே, கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை கொட்டும் சப்பாணி, தளர்நடை போட்டு வரும் வருகை என்று பருவம் பிரித்தார்கள். நம் மொழியின் முதல் வளர்ச்சிப் பட்டியல் என்றே அதைச் சொல்லலாம். ஆனால் அவர்கள் பாடியது தெய்வங்களையும் அரசர்களையும். அந்தப் பிள்ளைகள் தாமதமாக நடந்ததாக யாராவது பாடுவார்களா?

எடையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், "அவள் கொழுகொழுவென்று இருக்கிறாள், இவன் பதினைந்தாவது பெர்சன்டைல்தான்" என்று. பெர்சன்டைல் பரீட்சை மார்க் கிடையாது. நூறு குழந்தைகளை எடை குறைந்தவரில் தொடங்கி வரிசையாக நிற்க வைத்தால் உங்கள் பையன் பதினைந்தாவது இடத்தில் நிற்கிறான். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. பிறந்ததிலிருந்து அதே கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருக்கிறானா என்று பாருங்கள். எழுபத்தைந்தில் இருந்தவன் பதினைந்துக்கு இறங்கியிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பதினைந்திலேயே பிறந்து பதினைந்திலேயே வளர்கிறவன் அவன் உடல்வாகுக்குச் சரியாக வளர்கிறான். பிறந்த எடை ஐந்து மாதவாக்கில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு என்பது பொதுக் கணக்கு. முதல் சில மாதம் ஏறிய வேகத்தில் பிறகும் ஏறாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு அது நன்றாகவே தெரியும். பல் முளைப்பதற்கெல்லாம் கவலைப்படவே வேண்டாம். நாலு மாதத்திலும் வரும், ஒரு வயது தாண்டியும் வரும்.

இப்போது நான் உண்மையிலேயே கவனிக்கச் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். தங்கை மகளைப் பற்றி எழுதும்போது, தவழ்வதையும் நிற்பதையும் சொல்லிவிட்டுப் போகிறபோக்கில் டாட்டா காட்டுவதைச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் பெரிது. காலைவிட, கண்ணும் காதும் குரலும் என்ன செய்கின்றன என்பதைப் பாருங்கள்.

ஒரு பையன் ஞாபகத்துக்கு வருகிறான். துறுதுறுவென்று இருப்பான். பதினொரு மாதத்தில் நடந்துவிட்டான். அதனால் வீட்டில் யாருக்கும் கவலையே இல்லை. ஒன்றரை வயதில் ஒரு வார்த்தைகூட இல்லை. "அவங்கப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்றார்கள். "பையன்கள் லேட்டாத்தான் பேசும்" என்றார்கள். பார்த்த ஒரு டாக்டரும் "ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். காது கேட்குமா என்ற சந்தேகமும் வரவில்லை, ஏனென்றால் கதவை அடித்துச் சாத்தினால் அவன் திரும்பினான். அந்த அதிர்வு அவனுக்குத் தெரிந்தது, பேச்சு தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது அவன் சித்தி. தன் குழந்தை அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாலே எட்டிப் பார்க்கிறது, இவன் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாலும் திரும்பவில்லையே என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. எங்களிடம் வந்தபோது அவனுக்கு இரண்டு வயது நாலு மாதம். இரண்டு காதிலும் பெரிய குறை. முதல் வருடத்திலேயே தெரிந்திருந்தால் அவன் பேச்சின் கதையே வேறாக இருந்திருக்கும்.

ஆக, அங்கே ஒப்பிட்டுப் பார்த்ததுதான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது. சித்தி இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், "இது ஏன் இப்படி?" என்று கேட்டார், உடனே பரிசோதனைக்குக் கூட்டி வந்தார். ஒப்பிட்டதும் "நம் பிள்ளை மட்டம்" என்று தீர்ப்பு எழுதிவிடுவதும், அவரைப் போலக் கேள்வி எழுப்புவதும் ஒன்றா என்ன?

காது கேளாத குழந்தைகளும் முதல் சில மாதம் மற்றவர்களைப் போலவே குரல் எழுப்பும். கேட்கிற குழந்தையிடம் ஆறேழு மாதத்துக்கு மேல் அது "பபப", "மமம", "ததத" என்று மெய்யெழுத்தோடு சேர்ந்த மழலையாக மாறும். கேளாத குழந்தையிடம் அந்த மாற்றம் வராது, அல்லது ரொம்பத் தாமதமாகும். பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் சரியாக இருந்தாலும் பிறகு குறை வரலாம். பையன்கள் பேச்சில் சராசரியாகக் கொஞ்சம் பின்தங்குவது உண்மைதான், ஆனால் ஒரு வார்த்தைகூட இல்லாததற்கு அது சமாதானம் ஆகாது. வீட்டில் இரண்டு மொழி பேசினால் குழம்பிப் பேச்சு தாமதமாகும் என்பதும் சரியில்லை. இரண்டு மொழி வார்த்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள், அவ்வளவுதான்.

எப்போது போய்க் காட்ட வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் தாண்டியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால். ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமின்றி உட்காரவில்லை என்றால். ஒரு வயதில் பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை, மழலை இல்லை, சுட்டிக் காட்டுவது, கை நீட்டிக் கேட்பது, டாட்டா என்று எந்தச் சைகையும் இல்லை என்றால். பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, பதினெட்டு மாதத்தில் நடை இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால். ஒன்பது மாதத்துக்கு மேல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது எப்போதானாலும் பார்க்க வேண்டிய விஷயம்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அவற்றைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது. "இடக்கைப் பழக்கம் போல" என்று சிரித்துவிடுவார்கள். அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வேலை செய்ய வேண்டும். ஒன்று சும்மா இருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ தடை இருக்கலாம். இரண்டாவது, இருந்த திறமை போவது. சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை நின்றுவிட்டது, காட்டிக்கொண்டிருந்த டாட்டா காணாமல் போய்விட்டது என்றால், எந்த வயதானாலும், அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

உங்கள் பையனிடம் வருவோம். அவன் பிடிக்காமல் உட்காருகிறான், இல்லையா? நல்லது. இப்போது ஒன்று செய்து பாருங்கள். தரையில் பாய் விரித்து அவனைக் குப்புற விட்டு, பிடித்த சாமான் ஒன்றைக் கைக்கு எட்டுவதற்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். நீங்களும் எதிரே படுத்துக்கொள்ளுங்கள். அவன் கையை ஊன்றி மார்பைத் தூக்கலாம். கடிகார முள்போல வயிற்றை மையமாக வைத்து வட்டமடிக்கலாம். முன்னால் போக நினைத்து, பின்னால் போய்க் கடுப்பாகலாம். கையின் பலம் காலை முந்தியிருந்தால் இது நடக்கும், பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கிப் பிட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து நகரலாம். அப்படி நகரும் குழந்தைகள் பெரும்பாலும் தவழ மாட்டார்கள், மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் நடப்பார்கள். விசாரித்தால் பல வீடுகளில் அப்பாவோ அத்தையோ அப்படித்தான் நகர்ந்திருப்பார். எந்த விதமானாலும், அந்தச் சாமான் வேண்டும் என்ற ஆசையும் அதை அடைய ஒரு முயற்சியும் இருந்தால் எனக்குத் திருப்தி. உடம்பு துவண்டு கிடந்தாலோ, கால்கள் விறைத்துக் கத்தரிபோல் குறுக்கே போனாலோ, ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்தாலோ காட்டிவிடுங்கள்.

நடைவண்டியில், அதாவது சக்கரம் வைத்து உள்ளே உட்கார வைக்கும் வாக்கரில், போட வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். கனடா 2004-இல் அதை விற்பதையே தடை செய்துவிட்டது. தரைதான் நல்லது.

ஒவ்வொரு மாதமும் அவன் பிறந்த தேதியன்று ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், தரையில் விளையாடும்போது. போன மாத வீடியோவோடு இந்த மாதத்தை வைத்துப் பாருங்கள். மாற்றம் தெரிகிறதா? சின்னதாக இருந்தாலும் போதும். டாக்டரிடம் போகும்போதும் அதைக் காட்டலாம். வீட்டில் செய்கிற எதையும் கிளினிக் மேஜையில் செய்துகாட்டக் குழந்தைகள் சம்மதிப்பதில்லை. இரண்டு மாத வீடியோவிலும் அவன் ஒரே இடத்தில் இருப்பதுபோல் உங்களுக்குத் தோன்றினால், எல்லைத் தேதி வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். "அம்மாவுக்கு வீண் பயம்" என்று யாராவது சொன்னால், இன்னொருவரிடம் போங்கள்.

அப்புறம், தங்கை வீட்டுக்குப் போங்கள். இரண்டு பேரையும் ஒரே பாயில் விடுங்கள். அவள் எழுந்து நிற்பதை இவன் நிமிர்ந்து பார்க்கிறானா, அவள் சிரித்தால் சிரிக்கிறானா, உங்களைத் திரும்பிப் பார்க்கிறானா என்று பாருங்கள். அவள் கையில் இருக்கிற கிலுகிலுப்பையை இவன் பிடுங்கப் போனால் உடனே தடுத்துவிடாதீர்கள். அதற்காக உடம்பை எப்படி வளைக்கிறான், எந்தக் கையை ஊன்றுகிறான் என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, பிறகு பஞ்சாயத்துக்குப் போங்கள்.